இடம்புரி

மிலானில் அன்று அப்படியொரு பனிமூட்டம்:
டிராமின் மணி முதலில் வந்தது,
டிராம் பிறகுதான்.
எர்சிலியா கண்டோல்ஃபி ஏழு நிமிடம் தாமதம்.
கோட்டைக் கழற்றாமலே இருட்டறைக்குள் போய்
மேசைமேல் விழும் வெளிச்சத்தின் முன் உட்கார்ந்தாள்.

வேலை இதுதான்.
ஜெனீவாவில் ஒரு தொட்டி, அதில் கொதிக்கத் துடிக்கும் திரவம்.
மின்னேற்றம் உள்ள எது கடந்தாலும்
போன வழியில் குமிழிகள் கோத்துக்கொள்ளும்.
படமெடுத்துச் சுருள் சுருளாய் அனுப்புவார்கள்.
காலால் மிதித்தால் அடுத்த படம்.
ஒன்றுமில்லை. மிதி.
ஒன்றுமில்லை. மிதி.
ஒரு கோடு; அது ஃபிலிமில் விழுந்த கீறல். மிதி.

தேடுவதோ தடமே பதிக்காத ஒன்றை.
கட்டைவிரல் நகத்தின் வழியே நொடிக்கு ஆறாயிரம் கோடி
சூரியனிலிருந்து வந்து போகிறதாம்;
நகத்துக்குத் தெரியாது.
ஈர்ப்பைத் தள்ளிவிட்டால்
அதைத் தொடத் தெரிந்த விசை ஒன்றே ஒன்று.
அதற்கு வைத்த பெயர் வலுவற்றது.
அணுக்கருவுக்குள் புகுந்து
நியூட்ரான் என்ற பெயரை அழித்துவிட்டுப்
புரோட்டான் என்று எழுதுவது அதுதான்.
அவசரம் தெரியாதது.
கொஞ்சம் வலுத்திருந்தால்
சூரியன் தன் சேமிப்பையெல்லாம் என்றோ ஊதித் தள்ளியிருக்கும்,
நாம் யாரும் தாமதமாக வந்திருக்க முடியாது.

இடைவேளை பதினைந்து நிமிடம்.
கருவை விட்டு வெளியேறிய நியூட்ரானின் ஆயுளும்
ஏறக்குறைய அவ்வளவுதான் என்று
மாடியில் இருக்கும் ஆராய்ச்சி மாணவன் ஒருநாள் சொல்லியிருந்தான்.
எர்சிலியா காபியை நின்றபடியே குடித்தாள்.

அவள் இடக்கைக்காரி என்பது
அந்தக் கட்டடத்தில் யாருக்கும் தெரியாது.
பெர்கமோவில், கன்னியாஸ்திரீகள்
சாத்தானின் கை என்று அதை
நாற்காலியோடு சேர்த்துக் கட்டினார்கள், இரண்டு குளிர்காலம்.
வலக்கையால் எழுதப் பழகினாள்,
கோணலாக, கீழ்ப்படிதலோடு.
இருட்டறையில் யார் பார்க்கிறார்கள்?
சேர்ந்த இரண்டாம் வாரமே பேனா கைமாறிவிட்டது.

இந்த விஷயத்தில் என் மொழியும் கன்னியாஸ்திரீகள் கட்சி.
வலத்துக்குள்ளேயே வலிமை இருக்கிறது;
சாமியை வலமாய்த்தான் சுற்ற வேண்டும்;
வலம்புரிச் சங்குக்குப் பட்டுத்துணி, பூஜை.
இடக்கு என்றால் வம்பு.
ஆனாலும் எப்படியோ வாய்தவறி
நிற்பதற்கும் இருப்பதற்கும் தேவையானதை
இடம் என்றே அழைத்துவிட்டது.

நியூட்ரினோவில் வலம்புரி கிடையாது.
இதுவரை கண்டதெல்லாம் இடம்புரி.
பெயரை மாற்றி எழுத வரும் அந்த வலுவற்ற கை
துகள்களில் இடஞ்சுழிகளை மட்டுமே தொடும்.
கண்ணாடிக்குள் தெரிகிற உலகம்
எங்கேயும் இல்லாத உலகம்.

மாலை ஐந்தே கால்.
காலியான படத்தின் நடுவே ஒரு சுருள்:
ஒற்றை எலக்ட்ரான்,
யாரோ தோளில் இடித்ததுபோல் முன்னே பாய்ந்து
சுருண்டு அடங்கியிருக்கிறது.
உள்ளே வந்த தடம் இல்லை.
வெளியே போன தடமும் இல்லை.
மூன்று கோணத்திலும் பார்த்தாள். இல்லை.
இடித்தவன் தன் பெயரையும் மாற்றிக்கொள்ளாமல்
மன்னிப்பும் கேட்காமல் போயே போய்விட்டான்.

படிவத்தில் இதற்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் எழுதினாள்: தனி. இடித்தது யார்?
இடமிருந்து வலமாய் ஓடும் எழுத்தை
இடக்கை எழுதியபடியே துடைத்துக்கொண்டு போகும்.
மை இழுவிவிட்டது.
மிதி.

மூன்று நாள் கழித்து
மாடியிலிருந்து நான்கு பேர் இறங்கி வந்து
விளக்கைப் போட்டார்கள்.
கண்கூசப் பெண்கள் எல்லோரும் நிமிர்ந்தார்கள்.
ஒருவன் கையில் அந்தத் தாள்.
"இந்தக் கறை யாருடையது?"
குரலில் இருந்தது கோபமா, வேறு ஏதாவதா, தெரியவில்லை.
எர்சிலியா மடியில் கிடந்த கையைப் பார்த்தாள்.
சுண்டுவிரல் ஓரத்தில்
இன்னும் கொஞ்சம் நீலம்.